பெயரில்லாத கொடி

கட்டை இல்லை. கட்டையென்றால் ரேடாரில் விழுந்திருக்காது. தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் மரத்தை அது என்றைக்குப் பார்த்திருக்கிறது? அன்றைக்குத் தெரிந்தது. மூன்று சுற்று. மூன்று சுற்றிலும் அதே இடத்தில்.

பருப்பு பொங்கி வழிந்த பிறகுதான் திலகா கையை நீட்டித் தீயைக் குறைத்தாள். பதினொரு மாதமாக இந்த எண்ணத்தில் ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவும் இல்லை. துணி காயப்போடும்போதும் வரும், பாசாரில் மீனுக்கு நிற்கும்போதும் வரும். கூடத்து மின்விசிறி மெதுவாகச் சுழலும் மத்தியானங்களில் அதன் ஒரு இறக்கையை மட்டும் அவள் கண் பிடித்துக்கொள்ளும். அது ஒரு சுற்று வந்து சேரும்வரை மூச்சை நிறுத்திக் காத்திருப்பாள்.

"திலகா, என்னா தீயிற வாசன?"

வாசலில் பஞ்சாலை நின்றிருந்தாள். தோட்டத்து லயங்களை இடித்த பிறகு கட்டிக்கொடுத்த மலிவு விலை வீடுகளில் இரண்டு வரிசை தள்ளி இருப்பவள்.

"பருப்புக்கா. உள்ள வாங்க."

"அவரு இருந்தா சொல்லிருப்பாரு, 'ஒனக்குக் கையி இருக்கு, மூக்கு இல்ல'ன்னு. ஒன்னையில்ல, என்னைய." பஞ்சாலை நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள். "ஐயரு ஒரு வழி சொல்லிட்டாரு. ஒடம்பு கெடைக்காதவங்களுக்குத் தர்ப்பையில உருவம் பண்ணி எரிக்கலாமாம். போன வெள்ளிக்கெழம ஆத்தோரம் எரிச்சாச்சு. ஒரு பிடி சாம்பல்கூட தேறல. புல்லுதான? அவரு நல்லா இருந்தப்பவே பெரிய எடையில்ல, இப்ப அதவிடக் கம்மி."

சிரித்தாள். திலகாவும் சிரிக்க வேண்டியிருந்தது.

"சட்டி எங்கக்கா இருக்கு?"

"வூட்டுக்குள்ள வைக்கக் கூடாதாம். மாமரத்துல கட்டி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம கடல்ல விடணும். மூர்த்திகிட்ட சொல்லு. ஆம்பளப் புள்ள இல்ல, நானே விடுறேன். ஐயரு போலே, விடலாம்னுட்டாரு." பிறகு குரலை இறக்கினாள். "இன்னும் ஒன்னு கேக்கணும். ஒன் டிவில எல்லாருக்கும் கொடி போடுறியாமே. அவருக்கும் ஒன்னு போட்டுக்குடு."

திலகா கரண்டியைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள்.

"எங்கக்கா போடுறது?"

"எனக்கு எப்டித் தெரியும்? நீதான படம் பாக்குறவ. அவரு எங்க இருப்பாருன்னு ஒனக்குத் தோணுதோ, அங்க போடு. வருஷா வருஷம் வந்து நிக்க எனக்கு ஒரு எடம் வேணும்லா."

அது டிவி இல்லை. படகின் கேபினில் சுக்கானுக்குப் பக்கத்தில் பொருத்திய திரை. அவள் கணவன் கணேசமூர்த்தி மீன் தூண்டில்காரர்களைக் கூட்டிப்போவதற்காகப் பழைய ஃபைபர் படகை வாங்கியபோது கூடவே வந்தது. அதில் கடல் வரைபடம் இருக்கும். ஆழம், மணல் திட்டு, கப்பல் பாதை எல்லாம். நடுவில் அவர்கள் படகு, சின்னக் கறுப்பு அம்பாக. கூரைமேல் இருக்கும் ரேடார் காண்பதை அதே வரைபடத்தின்மேல் ஏற்றிப் பார்க்கலாம். எதிரே கப்பல் இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு, சின்னப் படகு இருந்தால் ஒரு புள்ளி. மூர்த்திக்கு அந்தத் திரையோடு பொறுமை இல்லை. திலகா செனாவாங் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்பலகைகளைப் பார்த்தவள். தேறியது ஒரு தட்டு, தேறாதது ஒரு தட்டு. ஒரே வாரத்தில் அதன் எல்லாப் பொத்தான்களையும் படித்துக்கொண்டாள்.

அஸ்தி கரைக்கிறவர்கள் வர ஆரம்பித்தது பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெடாஸ், ரெம்பாவ், சிரம்பான் என்று எங்கிருந்தோ வேன் பிடித்து வருவார்கள். ஆற்று வாயைத் தாண்டி, தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்பது தெரிகிற வரை போய், சட்டியைக் கடலில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். அடுத்த வருடம் திதிக்கு மறுபடியும் வருவார்கள். வந்ததும் ஒரே கேள்வி: "அண்ணே, போன வருஷம் விட்ட எடம் இதானா?" கடலில் எல்லா இடமும் ஒரே மாதிரிதான். மூர்த்தி வாய்க்கு வந்ததைச் சொல்லுவான். அவர்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்து அழுவார்கள்.

திலகாவுக்கு அது பொறுக்கவில்லை. சட்டி தண்ணீரைத் தொடும் நொடியில் திரையில் ஒரு பொத்தானை அழுத்தத் தொடங்கினாள். அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கொடி விழும், எண்ணோடு. பிறகு எண்ணை அழித்துவிட்டுப் பேரைப் போடுவாள். ஆங்கிலத்தில்தான் போட முடியும், பத்து எழுத்துக்குமேல் அது ஏற்காது. திருநாவுக்கரசு என்ற பெரியவர் பாதிப் பேரோடுதான் நின்றார். மூன்று வருடத்தில் ஆற்று வாய்க்கு வெளியே ஐம்பத்தேழு கொடிகள் சேர்ந்துவிட்டன. அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. எங்கே போனார்கள் என்று யாரும் இனி ஊகிக்க வேண்டியதில்லை.

ஐம்பத்தெட்டாவது கொடிக்குப் பேர் இல்லை.

போன வருடம் செப்டம்பர் மாதம். சுமத்ராவில் காடு எரிந்து, புகை இந்தப் பக்கம் வந்து பதினைந்து நாள் உட்கார்ந்திருந்தது. செம்பனைத் தோப்பில் நான்கு மரத்துக்கு அப்பால் தெரியாது. பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். திருநாவுக்கரசின் முதல் திதி அந்த வாரத்தில் விழுந்தது. திதியைத் தள்ளிப்போட முடியாது என்று மூத்த மகன் சொன்னான். ரேடார் இருக்கிறதே, புகைக்குள் அதற்குக் கண் தெரியுமே என்று மூர்த்தி சொன்னான். அது உண்மைதான்.

படகின் மூக்கு தெரிந்தது, அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. மூர்த்தி கண்ணை இடுக்கிக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தான். காற்று கொஞ்சம் இருந்தது. சிற்றலைகள். ரேடார் அலைகளையும் விடாமல் பிடித்துத் திரை முழுக்க ஆரஞ்சுத் தூளாகத் தூவிக்கொண்டிருந்தது. அந்தத் தூளுக்கு நடுவே ஒரு புள்ளி மட்டும் அசையாமல் இருந்ததைத் திலகா பார்த்தாள். ரேடாரின் கோடு சுற்றி வந்தது, புள்ளி இருந்தது. மறுபடி சுற்றி வந்தது; இருந்தது. அரை மைலுக்கும் குறைவு. மூன்றாவது சுற்றில் அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஸ்க்ரீன் ஏன் இவ்ளோ குப்பையா இருக்கு? அப்பா பேரே தெரியல." மூத்த மகன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றான். "ஆஸ்திரேலியாவுல இருக்குற தங்கச்சிக்கு அனுப்பணும். ஒரு போட்டோ மட்டும்."

அலைத்தூளைக் குறைக்க ஒரு திருகு உண்டு. கொஞ்சம் திருகினால் தூள் போகும். அதிகம் திருகினால் தூளோடு சின்னப் படகுகளும் போகும். அவளுக்கு அது தெரியும். போட்டோ எடுத்ததும் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்து முழுவதும் திருகினாள். திரை துடைத்த மாதிரி ஆனது. நீலத்தில் கொடிகள் பளிச்சென்று நின்றன. பெரியவர் தன் பாதிப் பேரோடு நின்றார்.

"அழகா இருக்குக்கா," என்றான் மகன். முதல் படத்தில் அவன் முகமே பிரதிபலித்தது. இரண்டாவது எடுத்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்த அம்மாள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"முன்னால ஏதாச்சும் இருக்கா?" என்று மூர்த்தி கேட்டான், திரும்பாமலே.

திலகா திரையைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"ஒன்னும் இல்லங்க."

சத்தம் பெரிதாக இல்லை. கதவை முழங்கையால் தள்ளிச் சாத்துவது மாதிரி ஒரு சத்தம். படகு ஒருமுறை குலுங்கிற்று. பூத்தட்டு கவிழ்ந்தது. அவள் விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. சட்டி கடலைத் தொடும்போது அழுத்திப் பழகிய விரல்.

மூர்த்தி வேகத்தைக் குறைத்துப் பின்னால் போய்ப் பார்த்தான். வெள்ளை. பாதி வட்டம் போட்டான். "நீப்பா மரக் கட்ட," என்றான். "ஆத்துலேந்து வந்துருக்கும். யாராச்சும் இருந்தா கத்தியிருப்பாங்கள்ல?" இரண்டு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்டிருக்காது. தண்ணீர் வற்றுவதற்குள் ஆற்று வாயின் மணல் திட்டைத் தாண்டியாக வேண்டும். அந்த அம்மாள் சிந்திய பூவைப் பொறுக்க ஆரம்பித்திருந்தாள். திலகா வாய் திறக்கவில்லை. திருகைப் பழையபடி திருப்பி வைத்தாள். தூள் திரும்பி வந்தது. புள்ளி வரவில்லை.

பஞ்சாலையின் புருஷன் மணியம் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை என்ற செய்தி அடுத்த நாள் இரவு தாமான் வீடுகளில் பரவியது. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன். ஓய்வு நாளில் பச்சைச் சாயம் பூசிய சம்பான் தோணியில் நண்டு பிடிக்கப் போவான். புகையிலும் போயிருக்கிறான். நான்காம் நாள் சம்பானின் முன்பாதி மட்டும் கண்டல் வேர்களுக்குள் கிடைத்தது. பெரிய கப்பலின் அலையில் கவிழ்ந்திருக்கும் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் மூர்த்தி படகைக் கரையேற்றி மூக்குப் பக்கத்தைச் சுரண்டிப் புதுச் சாயம் அடித்தான். அவள் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது தரையில் விழுந்திருந்த சுரண்டலில் பச்சை இருந்தது. அவனும் பார்த்தான், அவளும் பார்த்தாள். "டீல சீனி கம்மி," என்றான் அவன்.

அதற்குப் பிறகு புதுக் கொடி எதுவும் விழவில்லை; தூண்டில்காரர்களோடு படகு போனது, வந்தது. அந்தக் கொடிக்குப் பக்கமாக வரும்போதெல்லாம் ரேடாரில் ஒரு புள்ளி விழும். தெளிந்த வெயிலில், ஒரு அலைகூட இல்லாத நாளில் விழும். திலகா கேபினை விட்டு வெளியே வந்து பார்ப்பாள். தண்ணீர் மட்டும் இருக்கும். உள்ளே போனால் திரையில் இருக்கும். திருகைத் திருப்பினால் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். திருப்ப மாட்டாள். அது அங்கே இருக்கும் வரை தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு நாள் தோன்றும். தான்தான் அதை அங்கே பிடித்து வைத்திருக்கிறோம், விட்டால் போய்விடும் என்று இன்னொரு நாள் தோன்றும். இரண்டில் எது பயம், எது ஆறுதல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் இரண்டே தட்டுகள் இருந்தன.

அன்று மாலை பஞ்சாலை வந்துபோனதைச் சொன்னாள். மூர்த்தி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"வரச் சொல்லு. அக்காவ நம்ம கூட்டிப் போகாம யாரு கூட்டிப் போவா?"

"கொடி கேக்குறாங்க."

"போட்டுக் குடு. ஆத்து வாயத் தாண்டி, அந்த செகப்பு மிதவ இருக்குல்ல, அதுக்கிட்ட. அக்காவுக்கு வயசான காலத்துல வந்துபோக வசதி. அலையும் இருக்காது."

"அங்க அவரு இல்லங்க."

"தோ பாரு." அவன் குரல் உயரவில்லை. அவன் கண்ணுக்குக் கீழே பதினொரு மாதத்துக் கறுப்பு இருந்தது. அவனும் தூங்குவதில்லை என்பதை ஒரே பாயில் படுப்பவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அவரு எங்கயும் இல்ல. தர்ப்பப் புல்லு சாம்பல எங்க விட்டா என்னா? அந்த அம்பத்தெட்ட அழின்னு எத்தன தடவ சொல்லிட்டேன். அழிச்சிட்டு, இதப் போட்டுடு. முடிஞ்சிடும்லா. அக்காவுக்கும் முடிஞ்சிடும், நமக்கும் முடிஞ்சிடும்."

நமக்கும் என்றபோது அவன் கை சோற்றிலேயே இருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அவன் போட்ட பாதி வட்டம் அவனுடையது. ஆனால் அதற்கு முன்னால் சொன்ன வார்த்தை அவளுடையது. ஒன்னும் இல்லங்க. அதை அவன் இதுவரை ஒரு முறைகூட அவளிடம் திருப்பிச் சொன்னதில்லை. சண்டையில்கூட. அந்தக் கருணைக்குப் பதிலாகத்தான் இதைக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"ரசம் ஊத்தவா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பஞ்சாலை மஞ்சள் துணி கட்டிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஓட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "மெதுவாப் போங்கன்னா கேக்கணும், இவரு ஏற்கெனவே ஒரு தடவ செத்தவரு," என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். மூர்த்தி கையைப் பிடித்துப் படகில் ஏற்றினான். பிடித்த கையை உடனே விட்டுவிட்டான்.

"என்னா மூர்த்தி, எளச்சிப் போயிட்ட? திலகா சோறு போடுறதில்லியா?"

"வெயிலுக்கா."

"இங்க எப்ப வெயிலு இல்ல?"

ஆற்றின் இரு பக்கமும் கண்டல் மரங்கள் பின்னால் நகர்ந்தன. பஞ்சாலை கேபினுக்குள் வந்து திலகாவுக்குப் பக்கத்தில் நின்றாள். திரையைக் கிட்டத்தில் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கொடிகளை ஒவ்வொன்றாக விரலால் தொடாமல் சுட்டிக்கொண்டு போனாள். எழுத்துத் தெரியாது.

"இது யாரு?"

"பெடாஸ்ல ஒரு ஆசிரியரு."

"இது?"

"செல்லப்பா தாத்தாக்கா. தோட்டத்து ஆபீஸ்ல பழைய கெராணி."

"அடப்பாவி, இவரு இங்கதான் இருக்காரா? லீவு கேட்டா குடுக்கவே மாட்டாரு." விரல் நகர்ந்தது. வரைபடத்தின் ஓரத்தில், மற்றக் கொடிகளுக்குத் தள்ளி ஒன்று தனியாக நின்றது. "இது என்னா, இதுக்குப் பேரு சின்னதா இருக்கு?"

"அது நம்பர்க்கா. இன்னும் பேரு போடல."

பஞ்சாலை விரலை எடுத்துச் சட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

ஆற்று வாய் தாண்டியது. படகின் அசைவு மாறியது. சிவப்பு மிதவை வலது பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மூர்த்தி இயந்திரங்களை அடக்கினான். தண்ணீர் படகின் உடம்பில் தட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. திலகா திரையில் படத்தைச் சிறிதாக்கினாள். கோடு சுற்றி வந்தது. எண்ணெய்க் கப்பல்கள் தடித்த திட்டுகளாக எழுந்து அடங்கின. இன்னும் ஒன்றே முக்கால் மைல் தள்ளி, பேரில்லாத கொடியின் காலடியில், ஒரு புள்ளி. கோடு சுற்றி வந்தது. அங்கேயே இருந்தது. அவள் வெளியே பார்த்தாள். அந்தத் திசையில் கடல் ஒரு தட்டு மாதிரி வெறுமையாகப் பளபளத்தது.

"எடம் வந்தாச்சுக்கா," என்றான் மூர்த்தி. கேபினுக்கு உள்ளே பார்க்காமல் சொன்னான். "நல்ல எடம். அலையில்ல."

பஞ்சாலை மஞ்சள் துணியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். சட்டிக்குள் சாம்பல் உண்மையிலேயே கொஞ்சமாகத்தான் இருந்தது. அதன்மேல் அவளே ஒரு சட்டைப் பித்தானைப் போட்டு வைத்திருந்தாள். படகின் விளிம்பில் மண்டியிட்டுத் திரும்பிப் பார்த்தாள், மூர்த்தியை அல்ல.

"இங்கயா திலகா?"

திலகாவின் விரல் பொத்தானின்மேல் இருந்தது. அழுத்த வேண்டிய நொடியில் தவறாமல் அழுத்திய விரல். ஐம்பத்தேழு தடவையும் அது உண்மையைத்தான் சொல்லியிருந்தது. ஐம்பத்தெட்டாவது தடவையும். வாய்தான் சொல்லவில்லை.

"போடு திலகா," என்றான் மூர்த்தி. பிறகு மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி, "போட்டுடும்மா."

அவள் விரலை எடுத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். கோடு ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது.

"இங்க இல்லங்க," என்றாள்.